ஆத்துக்கை, ரோட்டுக்கை

முதலில் பெயர்ப் பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன். கயிற்று நுனியில் பந்தைக் கட்டி, கைக்கு ஒன்றாகப் பிடித்துச் சுற்றுகிற இந்த ஆட்டத்துக்குப் 'பொய்' என்று பெயர். நியூசிலாந்து மாவோரி மக்களின் சொல், அவர்கள் மொழியில் பந்து என்று அர்த்தம். நம் காதில் அது என்னவாக விழும் என்று அவர்கள் எதற்கு யோசிக்கப் போகிறார்கள். 2020 ஊரடங்கில் செல்போனில் வீடியோ பார்த்து மொட்டை மாடியில் தொடங்கினேன். சாயங்காலமானால் பழைய சாக்ஸுக்குள் ரப்பர் பந்தைப் போட்டு முடிந்துகொண்டு மாடிப்படி ஏறுவேன். "எங்கய்யா கெளம்பிட்ட?" என்று அம்மா கேட்டாள். "பொய் சுத்தப் போறேம்மா." அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "இதுவரைக்கும் ரீல் சுத்துனது போதாதுன்னு இப்பம் பொய்யும் சுத்துதியாக்கும்."

அன்றிலிருந்து தெருவில் எனக்கு அதுதான் பட்டம்.

மாவோரிகள் ஆடுவதும் நாங்கள் ஆடுவதும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய கபா ஹாகா ஆட்டத்தில் பெரும்பாலும் பெண்கள் வரிசை வரிசையாக நின்று, பாட்டோடு சேர்த்துச் சுற்றி, பந்தைக் கையிலும் உடம்பிலும் தட்டி அந்தச் சத்தத்தையே தாளமாக்குவார்கள். கயிறு சின்னதும் உண்டு, கை நீளத்துக்கு நீண்டதும் உண்டு. பழைய காலத்துப் பந்து 'ரௌப்போ' என்ற தண்ணீர்ப் புல்லில் செய்தது. பத்தமடைப் பாய்க்குப் போகிற கோரை வேறு, இது நம் குளத்தோரம் வளர்கிற சம்பு இனம். அங்கிருந்து கிளம்பி உலகமெல்லாம் போய், சாக்ஸாகவும் எல்இடி விளக்காகவும் தீயாகவும் மாறினதைத்தான் நான் வீடியோவில் பார்த்தேன். மூலத்தில் அது கூட்டமாக ஆடுகிற ஆட்டம் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. வீடியோவில் எல்லாரும் தனியாகச் சுற்றினார்கள், அதனால் நானும் தனியாகவே மூன்று வருஷம் சுற்றினேன்.

மூன்று வருஷத்தில் முன்சுற்று, பின்சுற்று, உடம்புக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிற மூணு தட்டுப் பின்னல், முகத்துக்கு நேரே இரண்டு பந்தும் எதிரெதிராகச் சுழல்கிற பட்டாம்பூச்சி, தலைக்கு மேலே காற்றாலை என்று கொஞ்சம் கைவந்துவிட்டது. நன்றாகத்தான் ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு தம்பி வந்து சேர்ந்த முதல் சாயங்காலமே அந்த நினைப்பு போய்விட்டது.

அவனும் என்னை மாதிரி வீடியோ பார்த்துக் கற்றவன்தான். திருநெல்வேலியில் கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணி ஆற்றங்கரையில் எதிரும் புதிருமாக நின்றோம். இரண்டு பேரும் முகத்துக்கு நேரே சுவர் மாதிரி ஒரு தளத்தில் சுற்ற வேண்டும். நடுவில் ஒரு முழம் இடைவெளி. நாலாவது சுற்றில் என் வலக்கைப் பந்து போய் அவன் தாடையில் ஒன்று வைத்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி தொடங்கினால் மறுபடியும் அதே தாடை. அப்புறம்தான் புரிந்தது, என் சுவர் சாய்ந்த சுவர். பந்து மேலே போகும்போது ஒழுங்காகப் போய், கீழே வரும்போது ஓரடி முன்னால் தள்ளி வந்துகொண்டிருந்தது. மூன்று வருஷமாக அப்படித்தான் சுற்றியிருக்கிறேன். மாடியில் முன்னால் ஆள் இல்லை, அடிபட ஒரு தாடை இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? சோடி சேர்ந்து சுற்றுவதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான், செலவு முழுக்க அவனுடையது.

சுவரை நிமிர்த்த இரண்டு வாரம் ஆயிற்று. பந்தைப் பார்க்கிறவரை அது நிமிரவே இல்லை. எதிராளியின் தோளைப் பார்த்துக்கொண்டு சுற்றினால்தான் பந்து தன் பாதையில் போகிறது. பார்த்தால் கை பந்தைத் துரத்தப் போய்விடுகிறது, வேறொன்றும் இல்லை.

அடுத்து வந்தது இடம் வலம் சண்டை. "வலக்கைய மட்டும் திருப்பு" என்பேன், அவன் திருப்புவான், பார்த்தால் என் இடக்கைக்கு எதிரே அது நடக்கும். நான் கடிகார முள் போகிற பக்கம் சுற்றினால் எதிரே நிற்கிறவனுக்கு அது தலைகீழ். யார் வலம், யார் கடிகாரம் என்று கத்திக்கொண்டே இருந்தோம். ஒருநாள் எரிச்சலில் அவன், "அண்ணே, ஆத்துப் பக்கம் இருக்க கையச் சொல்லுதீயளா, ரோட்டுப் பக்கம் இருக்க கையச் சொல்லுதீயளா?" என்று கேட்டான். அவ்வளவுதான், அன்றோடு இடமும் வலமும் எங்களிடம் ஒழிந்தன. ஆத்துக்கை, ரோட்டுக்கை. சுற்றுகிற திசைக்கும் அதேதான். "ஆத்துல எறக்கு" என்றால் பந்து ஆற்றுப் பக்கம் கீழே இறங்கி ரோட்டுப் பக்கம் மேலே ஏற வேண்டும். யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் இதில் குழப்பம் வராது. ஊரில் யாரிடமாவது வழி கேட்டால் கிழக்கே போய் வடக்கே திரும்பு என்றுதானே சொல்கிறார்கள், இடது வலது யார் சொல்கிறார்கள்? அந்தப் புத்தி ஆட்டத்துக்கு வர எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

இதிலும் ஒரு வினை உண்டு. சுற்றிக்கொண்டே ஆளும் திரும்பினால் ஆத்துக்கை ரோட்டுக்கையாகிவிடும். அந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியவர் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிற ஒரு அண்ணாச்சி. தினமும் அந்த வழியாக நடக்கிறவர், ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு, "கை நல்லாத்தான் வே இருக்கு, கால்தான் கள்ளு குடிச்ச மாதிரி போகுது" என்றார். கம்பு பிடிக்கிறதற்கு முன்னால் காலடி, காலடி வைத்து 'வீடு கட்ட', அதாவது முறைப்படி அடி மாற்றி நகரத் தெரிந்த பிறகுதான் கம்பு என்பது அவர் கட்சி. எங்களைப் பந்தில்லாமல் பத்து நாள் நடக்கவிட்டார். எப்போது திரும்பினாலும் ஆற்றுக்கு முகம் காட்டித்தான் திரும்பணும், ரோட்டுக்கு முதுகு, இது ஒன்றுதான் விதி. கேட்கும்போது சின்ன விஷயம். ஆனால் ஐந்து பேர் ஒரே பக்கமாகத் திரும்பினால் ஒருவர் கயிறு இன்னொருவர் கயிற்றில் மாட்டுவது பாதிக்குமேல் குறைந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு அவரும் ஒரு சோடி சாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது, எங்களில் நல்ல மணிக்கட்டு அவருக்குத்தான்.

இப்போது கயிற்றின் கதை. இதைத்தான் யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் ஆத்திரம் வரும். உள்ளங்கையிலிருந்து அக்குள் வரை அளந்து கயிறு வெட்டிக்கொள் என்பதுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிற கணக்கு. நான் நெட்டை, என் கயிறு 68 செ.மீ. தம்பியுடையது 52. இரண்டு பேரும் சேர்ந்து தொடங்குவோம், கொஞ்ச நேரத்தில் என் பந்து மேலே இருக்கும்போது அவன் பந்து கீழே இருக்கும், இன்னும் கொஞ்சம் போனால் தானாகச் சேர்ந்துவிடும், சேர்ந்ததும் ஆகா நமக்கு ஒத்து வந்துவிட்டது என்று இரண்டு பேரும் சிரிப்போம், மறுபடி பிரியும். அவன் அவசரக்காரன் என்று நான், நான் சோம்பேறி என்று அவன். ஒருநாள் உட்கார்ந்து எண்ணினோம். பந்தை அதன் போக்கில் மெதுவாகச் சுழலவிட்டால் நான் ஏழு சுற்று முடிக்கிறபோது அவனுக்கு எட்டு முடிகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஊசல் பாடம்தான். மெதுவாகச் சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆகிற நேரம் கயிறு நீளத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். 68-க்கும் 52-க்கும் போட்டுப் பாருங்கள், எட்டுக்கு ஏழு என்றே வரும். வேகமாகச் சுற்றினால் கை பலத்தில் இதை மறைத்துவிடலாம், மெதுவாகச் சுற்றும்போது கயிறுதான் எசமான். அன்று ராத்திரியே என் கயிற்றை 52-க்கு வெட்டினேன். அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. சிலம்பத்தில் அவரவர் நெற்றி உயரத்துக்குக் கம்பு, ஆளுக்கு ஏற்ற கம்பு என்பதுதான் அவர் கற்றது. சண்டைக்கு அது சரி. சேர்ந்து சுற்றுகிறவர்களுக்குக் குட்டை ஆளின் கயிறுதான் எல்லாருக்கும் கயிறு.

கனமும் அப்படித்தான், எல்லார் பந்தும் ஒரே பந்தாக இருக்க வேண்டும். சாக்ஸுக்குள் உளுந்தைக் கட்டிக்கொண்டு வந்த ஆள் ஒருத்தர் உண்டு. ஒரு மழையில் நனைந்து மூன்றாம் நாள் முளைவிட்டிருந்தது. பேர் சொல்லவில்லை.

புதிதாக ஒரு சோடி வந்தால் நாங்கள் முதலில் ஆளுக்கு ஒரு பந்துதான் கொடுப்போம். தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், வெளிப்பக்கக் கையில் மட்டும் பந்து, உள்பக்கக் கையால் அடுத்த ஆளின் இடுப்பையோ தோளையோ பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளின் இரண்டு கை. இதில் நாலு விதம் இருக்கிறது. இரண்டு பந்தும் ஒரே திசையில் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது, ஒரே திசையில் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வருவது, எதிர்த் திசையில் சேர்ந்து, எதிர்த் திசையில் மாறி. தனியாக ஆடும்போது உடம்பே இந்த நாலையும் பார்த்துக்கொள்ளும். இரண்டு உடம்பில் ஒரு ஆட்டம் என்று வரும்போது பக்கத்து ஆளின் மூச்சு வரைக்கும் தோளில் தெரிகிறது. அவர் பந்து கனக்கிற நேரம், அது அடியில் வந்து இழுக்கிற நேரம், நம் தோளுக்கும் வந்து சேரும். கண்ணை மூடிக்கொண்டு சுற்றச் சொன்னால் சிலர் இன்னும் நன்றாகச் சுற்றுகிறார்கள். புருஷன் பெண்டாட்டியாக ஒரு சோடி வந்து, யார் முந்துகிறார் என்று சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்ததும் நடந்திருக்கிறது. அவர்களுக்குக் கயிறு சரியாகத்தான் இருந்தது!

அப்புறம் ஐந்து பேர் ஆனோம். நான், தம்பி, அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு அக்கா, வேலை மாற்றலில் இங்கே வந்த விழுப்புரத்துக்காரர். வட்டமாக நின்று, பக்கத்து ஆளின் பந்து உச்சியில் இருக்கும்போது நம் பந்து அடியில் இருக்கிற மாதிரி ஒருவர் விட்டு ஒருவர் மாறி மாறிச் சுற்ற வேண்டும் என்று ஆசை. பார்க்கிறவர்களுக்கு வட்டமே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஒரு மாதம் முயன்றோம், ஒருநாளும் அமையவில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் இரண்டு பேர் ஒன்றாக மேலே போய்விடுவார்கள். அந்த இடம் பெரும்பாலும் அக்காவுக்குப் பக்கத்திலேயே வரும், ஏனென்றால் அவர்தான் கடைசியாகத் தொடங்குவார். ஒருநாள் அக்காவுக்கு நைட் டியூட்டி, வரவில்லை. நாலு பேர் நின்றோம், முதல் தடவையிலேயே கச்சிதமாக அமைந்துவிட்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நாலு பேரும் ஒன்றையேதான் நினைத்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் அக்கா வந்தார், மறுபடி சொதப்பல். படித்துறையில் வழக்கமாக வந்து உட்கார்கிற ஒரு சித்தி, எங்களைக் கோட்டிக்காரக் கூட்டம் என்றே கூப்பிடுகிறவர், அன்றைக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "ஏ, கோலாட்டத்துக்கு எவனாவது ஒத்தப்படையா ஆள் நிறுத்துவானா? ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னா சோடியா இருந்தாத்தானல சுத்தி வந்து முட்டாம இருக்கும்?" என்றார். கையில் எண்ணிப் பார்த்தோம். மேல், கீழ், மேல், கீழ், மேல். ஐந்தாவது ஆளுக்குப் பக்கத்தில் முதல் ஆள், அவரும் மேல். யார் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் ஐந்து பேரில் இது அமையவே அமையாது. ஒரு மாதமாக நடக்க முடியாத ஒன்றை நடத்தப் பார்த்து, கடைசியில் பழியை ஒரு பெண்பிள்ளை மேல் போடப் போயிருக்கிறோம். அக்கா பெரிதாகச் சிரித்தார். நாங்கள் நினைத்தது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சித்தி பள்ளிக்கூட நாளில் பின்னல் கோலாட்டம் ஆடியவராம். மேலேயிருந்து தொங்குகிற வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சுற்றி வந்து சடை மாதிரிப் பின்னி, பிறகு அப்படியே பின்பக்கமாக ஆடிப் பிரித்துவிடுவார்கள். எங்கள் கயிறு சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் நாங்கள் பிடித்து இழுப்போம், சித்திக்கு அது ஆகாது. வந்த வழியே திரும்பிப் போ என்பார். இரண்டு பேர் பந்து நடுவில் மோதிச் சுற்றிக்கொண்டால் இழுக்காமல், கையைத் தளர்த்தி, எந்தத் திசையில் சுற்றினோமோ அதற்கு எதிர்த் திசையில் மெதுவாக விட்டால் முக்கால்வாசி நேரம் தானாகவே கழன்றுவிடுகிறது, சில நேரம் அதையே ஒரு அடவு மாதிரிக் காட்டிவிட்டுத் தொடர்ந்து ஆடலாம். ஐந்து பேராக இருக்கிற நாளில் ஒருவரை நடுவில் நிறுத்தி, சுற்றி நாலு பேர் ஆடுகிற யோசனையும் அவருடையதுதான். நடுவில் நிற்கிறவர் இரண்டு பந்தையும் தலைக்கு மேலே தட்டையாகச் சுற்ற வேண்டும், கூரை மாதிரி. நடுவில் நிற்க எல்லாருக்கும் ஆசை, அதற்கு இப்போது முறை வைத்திருக்கிறோம்.

தீயைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் சோடியாகத் தீ சுற்றுவதில்லை, கூட்டமாக நிச்சயம் இல்லை. சாக்ஸ் பந்து தாடையில் பட்டால் வீங்கும், அவ்வளவுதான், எரிகிற திரி பட்டால் என்னாகும்? கை நீளத்தோடு கயிறு நீளத்தைச் சேர்த்தால் ஓராளைச் சுற்றி ஒன்றேகால் மீட்டர் போகிறது, இரண்டு பேர் என்றால் இரண்டரை மீட்டருக்கு மேல் வேண்டும், அவ்வளவு தள்ளி நின்றால் அது சேர்ந்து ஆடுவதே இல்லை. விழுப்புரத்துக்காரர் மட்டும் கார்த்திகைக்கு அவர் ஊர் மாவளியைச் செய்து காட்டினார். ஆண்பனையின் பூக்கதிரைக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நுனியில் நெருப்பு வைத்துக் கயிற்றில் சுற்றினால் பொறி மழையாகக் கொட்டுகிறது. ஒரு ஆள் சுற்ற மற்ற நாலு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். பருத்தி வேட்டி, பக்கத்தில் நனைத்த சாக்கு, ஒரு வாளி மணல். நெருப்பு அவிந்த பிறகு அவர், "எங்க ஊர்ல இத ஆறு வயசுல சுத்துவோம், நீங்க வீடியோ பாத்துக் கத்துக்கிட்டீங்க" என்றார். பதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனி, ஆடியில் ஆற்றைத் தாண்டி வருகிற மேல்காற்று ஒரு தனி வில்லன். அதற்கு முதுகு காட்டி நின்றால் பந்து எதிராளி மேல் போய் விழும். ஆறு ஒரு தோளுக்கும் ரோடு மறு தோளுக்கும் வருகிற மாதிரி நின்றுவிட்டால் காற்று சுவரோடு சேர்ந்தே போகும், ஒரு பக்கம் பந்து கொஞ்சம் மந்தமாகும், தளம் மட்டும் கலையாது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையில் சேறு வாரி முடிகிறவரை வேறு மைதானத்தில் சுற்றினோம், அங்கே ஆறு கண்ணில் படாததால் ஆத்துக்கை எது என்பதில் மறுபடி சண்டை வந்தது தனிக்கதை.

போன வருஷம் அண்ணாச்சி ஊர்க் கோயில் கொடைவிழாவில், நள்ளிரவுச் சாமக்கொடைக்கு முன்னால் கால்மணி நேரம் கொடுத்தார்கள். எல்இடி பந்து கடன் வாங்கிக்கொண்டு போனோம். நையாண்டி மேளம். தொடக்கத்தில் தவில்காரர் எங்கள் சுற்றுக்கு வாசித்தார், கூட்டம் விசில் அடிக்க அடிக்க அவருக்குச் சூடு ஏறிவிட்டது, வேகம் கூடிக்கொண்டே போனது, எங்கள் 52 செ.மீ. கயிறு ஒரு அளவுக்கு மேல் போனால் தளம் கலைந்துவிடும். அண்ணாச்சி நடுவிலிருந்து, "ஒரு சுத்து பிடி!" என்று கத்தினார். கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டோம், கயிறு குட்டையாயிற்று, பந்து தானாக வேகம் பிடித்தது. அடுத்து இன்னொரு சுத்து. ஐந்து பேரும் ஒரே தட்டில் பிடித்தது எப்படி என்று தெரியவில்லை, பயிற்சியில் அதை ஒருதடவைகூடச் செய்ததில்லை. மூன்றாவது சுத்துக்குக் கயிறே இல்லை, நல்லவேளை நாதஸ்வரக்காரர் முடித்துவிட்டார்.

இறங்கி வரும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி கையைப் பிடித்து நிறுத்தி, "இதுக்குப் பேரு என்னய்யா?" என்று கேட்டாள். "பொய், ஆச்சி." ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய்யா? நான்தான் கண்ணால பாத்தேனே!"

சித்தியின் பேத்தி கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், இப்போது சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். அவளோடு ஆறு பேர், வட்டம் ஒருவழியாக ஒழுங்காக அமைகிறது. இந்த வாரம் அக்காவுக்கு மறுபடி நைட் டியூட்டி. அப்படியானால் ஐந்து பேர், நடுவில் நிற்கிற முறை என்னுடையது.